வெள்ளைக் குழாய்ப் புழுக்களும் மூன்றாவது மெமோவும்

இரண்டாவது மெமோ வந்த அன்று வாத்தியார் கேன்டீனில் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். மெமோவில் ஒரே ஒரு வரி: "சுரங்கத்தில் சுரண்டும் பணி திருப்திகரமாக இல்லை." எழுதியவர் பராமரிப்பு மேனேஜர். அந்த மனிதர் சுரங்கத்தின் வாயில் ஒருநாள்கூடக் கால் நனைத்தவர் இல்லை. பத்தொன்பது வருடமாக அதற்குள்ளேயே கிடந்து கையைக் கிழித்துக்கொள்கிறவருக்கு அவர் எழுதுகிறார், திருப்தி இல்லையாம். சாப்பாடு எப்படி இறங்கும்?

வாத்தியார் என்பது பட்டப்பெயர்தான். பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் இருந்த உறவு எட்டாம் வகுப்போடு தீர்ந்துவிட்டது. தொழில், டைவர். கடலோரத்தில் இருக்கும் அந்த மின் நிலையம், இயந்திரங்களைக் குளிர வைக்க இரண்டு கான்கிரீட் சுரங்கங்கள் வழியாகக் கடல்நீரை உறிஞ்சுகிறது. ஒவ்வொன்றும் இருநூறு மீட்டர் நீளம், ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சுரங்கத்தின் பம்பை நிறுத்துவார்கள். வாத்தியார் முகமூடியும் காற்றுக் குழாயுமாக உள்ளே இறங்கிச் சுவரைத் தகட்டால் சுரண்டுவார். மேலே உட்கார்ந்து காற்றுக் குழாயைக் கவனித்துக்கொள்வது அவருடைய மனைவியின் தம்பி. "மச்சினன்கிட்ட சண்டையே போடாத ஒரே ஆளு நான்தான்யா. காத்து அவன் கையில இருக்கே" என்று வாத்தியார் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

சுரண்டுவது எதை என்றால், புழுவை. புழு என்றதும் மண்ணில் நெளியும் ஒன்றை நினைத்துக்கொள்ளக் கூடாது. இவை வீடு கட்டிக்கொண்டு குடியிருக்கும் ஜாதி. சுவரில் ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி ஒரு குழாயைக் கட்டி, அதற்குள் உடம்பை வைத்துக்கொண்டு, தலையை மட்டும் வெளியே நீட்டும். தலையில் மயிலிறகைச் சின்னதாக்கி வைத்தது மாதிரி ஒரு கொத்து இருக்கும். ஓடும் தண்ணீரில் அதை விரித்துத்தான் சாப்பிடும். பம்பு இழுக்கும் தண்ணீரில் சாப்பாடு தானாக வாசலுக்கு வருகிறது. இதைவிட நல்ல வீடு அவற்றுக்கு எங்கே கிடைக்கும்? வருடம் முழுவதும் குடியேறிக்கொண்டே இருக்கும்.

இதைப் பற்றி யாராவது தெரியாத்தனமாக ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், தீர்ந்தது. டீ ஆறிப்போகும் வரை விடமாட்டார். அப்படித்தான் வாத்தியார் ஆனார். "எல்லாம் ஒரே புழுன்னு நெனச்சீங்களா?" என்று ஆரம்பிப்பார். சுரங்கத்தின் வாயில், மணல் சுழன்று வரும் முதல் பத்து மீட்டரில், மணலைப் பசை போட்டு ஒட்டிக் குழாய் கட்டும் ஒரு கூட்டம். பார்த்தால் தேன்கூடு மாதிரி இருக்கும். அதைத் தாண்டி நூற்றிருபதாவது மீட்டர் வரை, தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில், வெள்ளைச் சுண்ணாம்புக் குழாய்க்காரர்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிப் பிணைந்து கல்லாகிவிடுவார்கள். கையுறையையும் சேர்த்துக் கிழிப்பது இவர்கள்தான். அதற்கப்பால் வளைவு தாண்டித் தண்ணீர் சோம்பலாகப் போகும் தொட்டியில், சேற்றைப் பூசிய தோல்பை மாதிரிக் குழாயில் மெத்தென்று இருப்பவர்கள். இரும்புக் கம்பி வலையில் மட்டும் கடுகளவுக்குச் சுருள் சுருளாக இன்னொரு வகை. யார் எங்கே இருப்பார்கள் என்பதை இருட்டில் தடவியே அவர் சொல்லிவிடுவார். மீட்டர் வாரியாக ஒரு படம்கூட வரைந்து மேனேஜருக்குக் கொடுத்தார். "படிவத்தில் கேட்காத விவரங்களை இணைக்க வேண்டாம்" என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது. படிவத்தில் கேட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: புழு உண்டு, இல்லை.

கரையில் வாத்தியார் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. பேச்சு கொஞ்சம் தடித்துப் போகும், கோபம் மூக்கின்மேல் நிற்கும், நாலு பேர் கூடும் இடத்தில் தப்பான ஆளிடம் தப்பானதைச் சொல்லிவிட்டு மறுநாள் முழுக்க நாக்கைக் கடித்துக்கொள்வார். தண்ணீருக்குள் அந்தத் தொல்லை கிடையாது. அங்கே யாரோடும் பேச வேண்டியதில்லை, எதைத் தொட்டாலும் அவருக்குத் தெரிந்தது. அந்த வேலை அவருக்குப் பிடிக்கும். வெளியே சொல்ல வெட்கப்படும் அளவுக்குப் பிடிக்கும்.

அதனால்தான் மெமோ என்றால் அவருக்குப் பயம். ஒரே வருடத்தில் மூன்று மெமோ வந்தால் தண்ணீர் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். கரையில் பண்டகசாலையில் போட்டு, திருகாணி எண்ணச் சொல்லிவிடுவார்கள். அப்படிப் போன ஒருவர் திரும்ப இறங்கியதாக அங்கே சரித்திரம் இல்லை.

தப்பு எங்கே என்று வாத்தியாருக்குத் தெரியும். தெரிந்ததுதான் எரிச்சலே. புழுவைக் கொல்ல, தினமும் காலை ஆறு மணியிலிருந்து ஏழு வரை சுரங்க வாயில் குளோரினைக் கலப்பார்கள். நல்ல காட்டமாகக் கலப்பார்கள். தோல்பைக்காரர்கள் அதில் செத்துப்போவது உண்மை. ஆனால் வெள்ளைக் குழாய்க்காரனுக்குத் தலைக் கொத்தின் நடுவே ஒரு மூடி இருக்கிறது, புட்டிக்கு அடைப்பான் மாதிரி. தண்ணீரில் ஏதோ சரியில்லை என்று தெரிந்த அந்த நொடியே உள்ளே இழுத்துக்கொண்டு வாசலை மூடிக்கொள்வான். ஒரு மணி நேரம் மூச்சுக் காட்டாமல் இருந்துவிட்டு, குளோரின் போனதும் மறுபடி விரித்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிடுவான். குளோரினை லேசாக நாள் முழுக்க விட்டால் எத்தனை நேரம்தான் மூடிக்கொண்டிருப்பான்? பட்டினியால் திறந்துதான் ஆக வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி வாத்தியாருக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

யாரும் காதில் போட்டுக்கொள்ளாததற்குக் காரணம் ஒரு அறிக்கை. இரண்டு வருடத்துக்கு முன்பு புதிதாக ஒரு கெமிஸ்ட் வந்திருந்தாள். கெட்டிக்காரப் பெண், ஒழுங்கு என்றால் அப்படி ஒரு ஒழுங்கு. ஏழு மணிக்குக் குளோரின் நின்றதும் சுவரில் ஒட்டியிருக்கும் குழாய்களில் ஒரு துண்டை நீளக் கழியால் பெயர்த்து எடுத்து வரச்சொல்லி, காய்ந்த டிரேயில் வைத்து, பூதக்கண்ணாடியில் பார்ப்பாள். ஊசியால் ஒவ்வொரு குழாய் வாயையும் தொடுவாள். அசைந்தால் உயிர், அசையாவிட்டால் சாவு. அப்படித்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தண்ணீர் இல்லாத டிரேயில் எந்தப் புழு திறக்கும்? ஏழரை மணிக்கு எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். "இறப்பு: நூறு சதவீதம்" என்று மணி மணியான கையெழுத்தில் எழுதி மேலே அனுப்பிவிடுவாள்.

மேலே இருப்பவர்களின் கணக்கு சுலபம். புழு எல்லாம் செத்துவிட்டது. செத்தது வளராது. ஆனாலும் ஆறே வாரத்தில் சுரங்கம் அடைத்துக்கொள்கிறது. அப்படியானால் சுரண்டுகிறவன் ஒழுங்காகச் சுரண்டவில்லை. முதல் மெமோ, இரண்டாவது மெமோ. அடுத்த அடைப்பு வந்தபோது மூன்றாவது மெமோவும் தட்டச்சாகி மேனேஜர் மேஜையில் தயாராக இருந்தது.

மேனேஜர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். வாத்தியார் போய் நின்று, "சார், கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ காட்டுறேன் சார். உங்க கண்ணால பாருங்க. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் சரி" என்று கேட்டார்.

"எத்தன நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரம் சார்."

"அரை மணி. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு என் ரூமுக்குக் கொண்டு வாங்க. பாத்துட்டு எல்லாரும் மீட்டிங் போகணும்."

அன்று சாயங்காலம் மனைவி அவருடைய விரல்களில் இருந்த கீறல்களுக்கு மருந்து தடவிக்கொண்டே புத்தி சொன்னாள். "வாயத் தொறந்து பாடம் நடத்த வேணாம். பக்கெட்ட வைங்க, சும்மா நில்லுங்க. புழு காட்டுறத புழுவே காட்டட்டும்."

"காட்டும்டி. அதுக்கு அறிவு இருக்கு. அங்க இருக்கறவங்களுக்குத்தான்…"

"இதோ, இதத்தான் சொன்னேன். இப்பவே ஆரம்பிச்சாச்சு."

மறுநாள் குளோரின் நின்றதும் வாத்தியாரே இறங்கி, வெள்ளைக் குழாய்கள் அப்பியிருந்த ஒரு துண்டைப் பெயர்த்தார். உள்ளங்கை அகலம் இருக்கும். சுத்தமான கடல்நீர் நிரம்பிய பக்கெட்டில் அதை வைத்து, பச்சைக் குழந்தையைத் தூக்குவது போல அலுங்காமல் மாடி ஏறினார். மேனேஜர் அறையில் ஜன்னலோரமாக இருந்த மேஜையில் வெள்ளை டிரே ஒன்றை வைத்து, தண்ணீரை ஊற்றி, துண்டை நடுவில் இறக்கினார். வெயில் நேராகத் தண்ணீரில் விழுந்தது. வாத்தியார் இரண்டடி பின்னால் தள்ளி நின்று, மனைவி சொன்னபடி, வாயை மூடிக்கொண்டார்.

பத்து மணிக்கு மேனேஜர், அவருடைய உதவிப் பொறியாளர், பாதுகாப்பு அதிகாரி, கெமிஸ்ட் என்று நாலு பேர் வந்தார்கள். வந்தவுடன் நாலு பேரும் டிரேயின் மேல் குனிந்தார்கள். மனிதன் குனிந்துதானே பார்ப்பான். ஆனால் இந்தப் புழுவுக்கு நிழல் ஆகாது. மேலே நிழல் விழுந்தால் ஏதோ மீன் கடிக்க வருகிறது என்று நினைத்து உள்ளே போய்விடும். சுரங்கத்திலேயே வாத்தியார் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துத்தான் பார்ப்பார்.

"சார், கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தா நல்லது. நெழல் பட்டா வெளிய வராது" என்றார் பணிவாக.

"ஓ, அப்படியா?" என்று மேனேஜர் அரையடி நகர்ந்தார். அவர் நகர்ந்த இடத்தில் பாதுகாப்பு அதிகாரி புகுந்து எட்டிப் பார்த்தார்.

"சார், நீங்களும் கொஞ்சம் தள்ளி…"

அவர் தள்ளினார். உதவிப் பொறியாளர் செல்போனை எடுத்து, டிரேக்கு நேர் மேலே பிடித்துப் படம் எடுத்தார். குழாய்களின் வாயில் அப்போதுதான் சிவப்பாக ஒரு இழை தெரிய ஆரம்பித்திருந்தது. சட்டென்று காணாமல் போனது. "போன் வேணாம் சார், அந்த நெழலும் படும்" என்றார் வாத்தியார். குரல் இன்னும் பணிவாகத்தான் இருந்தது.

பத்து நிமிடம் போனது. பொறுமையாகப் பார்க்கத் தெரிந்த ஜன்மம் அந்த அறையில் ஒன்றுகூட இல்லை. ஒருவர் மாற்றி ஒருவர், "வந்துச்சா?" என்று வந்து எட்டிப் பார்ப்பதும், பேச்சு வாக்கில் மேஜையில் சாய்வதும், தண்ணீர் ஆடுவதும். "சார், மேஜைய மட்டும் தொடாதீங்க" என்றார் வாத்தியார். "சாரி, சாரி" என்று கையை எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதே கைகள் அதே மேஜைக்கு வந்தன. இருபத்தைந்தாவது நிமிடத்தில் மறுபடி மூடி விலகி, ஏழெட்டு குழாய்களில் சிவப்பு எட்டிப் பார்த்தது. வாத்தியார் மூச்சைப் பிடித்துக்கொண்டார். "சார், இப்ப வருது, தயவு பண்ணி அப்படியே நில்லுங்க" என்று கிசுகிசுத்தார்.

"எங்கய்யா?" என்று மேனேஜர் குனிந்தார். பேனாவால் டிரேயின் விளிம்பை டொக் டொக்கென்று தட்டினார்.

"தள்ளி நில்லுய்யா!"

அறையே அதிர்ந்தது. வாத்தியாருக்கே அது தன் குரல் என்று நம்ப முடியவில்லை. சுரங்கத்திலிருந்து ஏறி முகமூடியைக் கழற்றியதும் காது அடைத்த நிலையில் கத்துவாரே, அந்தக் குரல். கை வேறு மேனேஜரின் பேனாவைத் தட்டிவிட்டிருந்தது. பேனா உருண்டு போய் அலமாரிக்கு அடியில் நின்றது. உதவிப் பொறியாளர் அதை எடுக்கக் குனிந்தார். மேனேஜர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அரை மணி ஆச்சு" என்று மட்டும் சொன்னார். மூன்று பேரும் மீட்டிங்குக்குப் போய்விட்டார்கள்.

கெமிஸ்ட் போகவில்லை. தன்னுடைய அறிக்கையைத்தான் இந்த ஆள் பொய் என்கிறார் என்பது அவளுக்குப் புரியாமல் இல்லை. அதனால் அவளுக்கும் கடுப்புத்தான். "ரெண்டு வருஷமா நான் எழுதினது தப்புன்னு சொல்றீங்க. அப்ப காட்டுங்க" என்றாள்.

"அந்தச் செவுத்தோரமா ஒக்காருங்க. எந்திரிக்கக் கூடாது. எட்டிப் பாக்கக் கூடாது."

"அங்கேர்ந்து எப்படித் தெரியும்?"

"தெரியும்."

இரண்டு நாற்காலியைச் சுவரோரம் போட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். வாத்தியார் இரண்டு கையையும் முழங்காலுக்கு இடையில் வைத்து அழுத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து கெமிஸ்ட் ஒரு சின்னச் சத்தம் போட்டாள். டிரேயில் வெள்ளைத் துண்டு இருந்த இடத்தில் சிவப்பு பூத்திருந்தது. கிட்டத்தட்ட ஒவ்வொரு குழாயிலும் ஒரு கொத்து. எல்லாம் வெயிலைப் பார்த்து விரிந்து, மெல்ல அசைந்துகொண்டிருந்தன. அவள் எழுந்திருக்கப் போனாள், பிறகு தானாகவே உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே விரலை நீட்டி எண்ணினாள். மூடியிருந்தவற்றைத் தனியாக எண்ணினாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"நாப்பத்தி மூணுல நாப்பத்தி ஒண்ணு" என்றாள்.

இத்தனை வருடத்தில் முதல்முறையாக வாத்தியாருக்குப் பாடம் நடத்தத் தோன்றவில்லை.

"உயிரோட இருக்கிறத எல்லாம் செத்ததுன்னு எழுதியிருக்கேன்" என்றாள் அவள், தனக்குத்தானே சொல்வது போல. கண் கலங்கியிருந்தது. ஆனால் நல்ல பெண், உட்கார்ந்து அழவில்லை. நாற்காலியில் இருந்தபடியே செல்போனில் வீடியோ எடுத்தாள். தன் அறைக்குப் போய் இரண்டு பக்கம் எழுதினாள். இரண்டு வருட அறிக்கையும் தவறு, தவறு தன்னுடையது, சுரண்டுகிறவருடையது இல்லை, வெள்ளைக் குழாய்க்கு நாள் முழுக்க லேசான குளோரின்தான் சரி என்று ஒன்றுவிடாமல் எழுதி, மீட்டிங் முடியும் வரை கதவருகிலேயே காத்திருந்து மேனேஜர் கையில் கொடுத்தாள். வாத்தியார் சொன்ன மீட்டர் கணக்கையும் இணைத்திருந்தாள். இந்தமுறை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

மூன்று மணிக்கு வாத்தியாரைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் உட்காரச் சொன்னார். கெமிஸ்ட் எழுதியதைப் படித்துவிட்டதாகச் சொன்னார். வீடியோவையும் பார்த்தாராம். அடுத்த மாதத்திலிருந்து குளோரினை மாற்றப் போகிறார்களாம்.

"நல்ல விஷயம்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க" என்றார்.

"அப்ப அந்த ரெண்டு மெமோ சார்?"

"அது தலைமை ஆபீஸ் ஃபைலுக்குப் போயாச்சு. போனத திரும்ப வாங்க வழியில்ல. நானும் கேட்டுப் பாத்தேன்." அதைச் சொல்லும்போது மேனேஜர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாவது மெமோவை மேஜையில் தள்ளி வைத்தார். புதிதாகத் தட்டச்சு செய்திருந்தது. சுரண்டும் பணியைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. "மேலதிகாரியிடம் சாட்சிகள் முன்னிலையில் குரல் உயர்த்தியது, மரியாதைக் குறைவாகப் பேசியது, பேனாவைத் தட்டிவிட்டது."

வாத்தியார் அதை இரண்டு தடவை படித்தார். முதல் இரண்டு மெமோவும் பச்சைப் பொய். அவற்றைப் படித்தபோது ரத்தம் கொதித்தது, வாதாட நூறு வார்த்தை வந்தது. இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கையெழுத்துப் போட்டார். மேனேஜர் அவருடைய தண்ணீர் வேலை அட்டையை வாங்கி இழுப்பறையில் வைத்துக்கொண்டு, பண்டகசாலையில் திங்கட்கிழமை சேர வேண்டும் என்றார்.

கீழே மைத்துனர் காற்றுக் குழாயைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார். விஷயம் அதற்குள் அவர் காதுக்கு வந்துவிட்டிருந்தது. குழாயை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"என்ன மாமா நீங்க? எல்லாமே உங்க பக்கம் வந்துடுச்சே. அந்த ஒரு வார்த்தைய மட்டும் கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருக்கக் கூடாதா?"

வாத்தியார் படிக்கட்டில் உட்கார்ந்தார். சுரங்கத்தின் பம்பு மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. காலடியில் தரை லேசாக அதிர்ந்தது.

"அஞ்சு தடவ மெதுவாத்தான் சொன்னேன், மாப்ள" என்றார்.